வாசகர் கேள்வி–பதில்: பாதி நிற்கும் தேவாலயம்

சென்ற இதழின் பின்னட்டையில் ஒரு படம் போட்டிருந்தோம். புல்வெளி நடுவே, உச்சியிலிருந்து அடிவரை கத்தியால் பிளந்ததுபோலப் பாதி மட்டும் நிற்கும் ஒரு கல் தேவாலயம். கீழே ‘ஆனி, துருக்கி’ என்று இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லுக்கு வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றைத் தெரிந்தெடுத்திருக்கிறோம். ஆனி, ஆர்மீனிய அரசர்களின் பழைய தலைநகரம். இன்று குடியில்லாத மேட்டுநிலம். ஆனி உத்தரத்துக்கும் அதற்கும் ஓர் உறவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூன்று பேர் கேட்டிருந்தார்கள்.

அந்தத் தேவாலயத்தைக் குண்டு வைத்து உடைத்தார்களா? இவ்வளவு நேராகப் பாதி எப்படி விழும்?
– வாசகி, உவர்மலை

குண்டுமில்லை, பீரங்கியுமில்லை. 1957இல் அடித்த ஒரு புயலில் கிழக்குப் பாதி சரிந்தது. அதற்கு முன் தொள்ளாயிரம் ஆண்டுகளாக முழுதாகவே நின்ற கட்டடம் அது. மீட்பர் தேவாலயம் என்று பெயர். 11ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்தது. வெளியே சுற்றிவந்து எண்ணினால் 19 முகம். உள்ளே நின்று பார்த்தால் 8 அரைவட்ட மாடக்குழி. மேலே உயரமான உருளைக் கழுத்து, அதன்மேல் குவிமாடம்.

படத்தை மறுபடி எடுத்துப் பிளந்த விளிம்பை மட்டும் பாருங்கள். வெளிப்பக்கம் ஒரு மெல்லிய கல் வரிசை, உட்பக்கம் இன்னொரு மெல்லிய கல் வரிசை. இரண்டுக்கும் நடுவே ஒழுங்கில்லாத கல்லும் சுண்ணாம்பும் கலந்த சாம்பல் நிறக் கூழ். ஆனியின் சுவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். சீராகச் செதுக்கிய பலகைக்கல்லை இரு பக்கமும் அடுக்கி, நடுவில் உடைகல்லைச் சுண்ணாம்புச் சாந்தோடு கொட்டி இறுக்குவார்கள். பாரத்தைச் சுமப்பது நடுக்கூழ். வெளிக்கல் அதற்குத் தோல், மழைநீர் உள்ளே போகாமல் காக்கிறது.

தோல் உரிந்தால் என்ன நடக்கும்? ஆனி கடல்மட்டத்திலிருந்து 1,300 மீற்றருக்கு மேலே இருக்கிறது. குளிர்காலம் முழுக்கப் பனி. நடுக்கூழுக்குள் புகுந்த நீர் இரவில் உறையும்போது கிட்டத்தட்ட ஒன்பது வீதம் பெருக்கும், பகலில் உருகும், மறுபடி உறையும். ஒவ்வொரு தடவையும் சாந்து கொஞ்சம் பொடியாகும். குவிமாடமோ ஓயாமல் சுவரை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. வட்டச் சுவர் அந்தத் தள்ளலைத் தாங்குவது பீப்பாவின் இரும்புப் பட்டை மாதிரி. பட்டை முழுதாக இருக்கும்வரை பயமில்லை. ஓரிடத்தில் அறுந்தால் அடுத்த பலகைக்குப் பிடிமானம் போய்விடும். விரிசல் மெலிந்த இடத்தைத் தேடித்தான் ஓடும். புயல் செய்தது கடைசித் தட்டு மட்டும். வேலையெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

மிச்சப் பாதியை இப்போது இரும்புத் தாங்கிகள் கொடுத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். துருக்கிப் பண்பாட்டு அமைச்சும் உலக நினைவுச்சின்ன நிதியமும் சேர்ந்து செய்த வேலை.

சீமெந்து இல்லாமல் ஆயிரம் வருடம் எப்படி நின்றது? எங்கள் கோயில் மதிலுக்கு இருபது வருடத்துக்கு முன் சீமெந்து பூசினோம், இப்போது கல்லே பொரிந்து உதிர்கிறது. இரண்டையும் சேர்த்து விளக்குவீர்களா?
– மேசன் ஒருவர், மூதூர்

இந்த வாரத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது. கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது.

ஆனியின் கல் எரிமலைச் சாம்பல் இறுகிய கல், டஃப் என்பார்கள். கருப்பு, செம்மை, மஞ்சள் கலந்த பழுப்பு என்று பல நிறத்தில் கிடைக்கும். வெட்டியெடுத்த புதிதில் மென்மையாக உளிக்கு வளையும், காற்றுப்பட இறுகும். எடையும் குறைவு. ஆனால் துவாரம் நிறைந்தது: நீரைக் குடிக்கும், குடித்ததை வெளியே விடவும் வேண்டும். சுண்ணாம்புச் சாந்தும் அதே குணம், அதுவும் குடித்து ஆவியாக்கும். கட்டடம் சிறிது அசைந்தால் சாந்து முதலில் மயிரிழையாக விரியும். பிறகு மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அந்த இழையில் படிந்து மூடிவிடும். சாந்து கல்லைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் பழைய மேசன்மாரின் கணக்கு. கெடுவதென்றால் சாந்து கெடட்டும். அதைச் சுரண்டி மறுபடி அடைக்கலாம், கல்லைச் செய்ய முடியாது.

சீமெந்து இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. அது கல்லைவிடக் கடினம், நீரை வெளியே விடாது. சுவருக்குள் ஏறிய ஈரம், கல்லும் கல்லும் சேரும் மூட்டு வழியாகப் போக முடியாமல் கல் வழியாகவே வெளியேறும். ஆனியில் அந்த ஈரம் உறைந்து கல்லை உடைக்கிறது. திருகோணமலையில் உறைபனி இல்லை, உப்பு இருக்கிறது. கடற்காற்றும் நிலத்தடி நீரும் கொண்டுவரும் உப்பு, கல்லின் மேற்பரப்புக்குக் கீழே நீர் காயும் இடத்தில் படிகமாகி, தோலை உள்ளிருந்து தள்ளுகிறது. உங்கள் மதிலில் சீமெந்து மூட்டு மேடாகவும் கல் குழியாகவும் இருக்கும், போய்ப் பாருங்கள். ஆனியிலும் 1990களில் சில இடங்களைப் புதுக்கல்லும் புதுக்கட்டுமாக ‘திருத்தி’, அறிஞர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். செல்ஜூக் அரண்மனை என்று சொல்லப்படும் கட்டடம் அதற்கு நல்ல, அதாவது கெட்ட, உதாரணம்.

உங்கள் மதில் பட்டியலிடப்பட்ட தொல்லியல் சின்னம் என்றால் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் கை வைக்காதீர்கள். சாதாரண மதில் என்றால் செய்யவேண்டியது இது.

சீமெந்து மூட்டைச் சிற்றுளியால் மெதுவாக எடுங்கள். கிரைண்டர் வேண்டாம், கல்லின் விளிம்பு போய்விடும். மூட்டின் அகலத்தைப்போல இரு மடங்கு ஆழத்துக்காவது உள்ளே போகவேண்டும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் மூடி வைத்துப் பல வாரம் புளிக்க விட்டதாக எடுங்கள். நாளாக நாளாக நல்லது. அளவு: 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு கழுவிய ஆற்றுமணல். அடிவரிசை போன்ற ஈரமான இடத்துக்கு 1 சுண்ணாம்பு, 1 நன்றாகச் சுட்ட செங்கல்லின் தூள், 2 மணல். கடல் மணல் ஒருபோதும் கூடாது. கழுவினேன் என்று சொன்னாலும் கூடாது. மகாவலி வந்து கடலில் விழும் ஊரில் இருந்துகொண்டு ஆற்றுமணலுக்குக் குறை சொல்ல முடியாது, விலையைப் பற்றி வேண்டுமானால் சொல்லலாம்.

அடைப்பதற்கு முன் சுவரை முதல்நாள் மாலையும் அன்று காலையும் நனையுங்கள். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சாந்து பொடியாகிவிடும். ஒரு தடவைக்கு ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேல் வைக்காதீர்கள். கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து வீசும் மாதங்களில் இந்த வேலையைத் தொடங்காமலிருப்பது நல்லது. தொடங்கினால் ஈரச் சாக்குப் போட்டு ஒரு கிழமை மூடி வைக்க வேண்டும். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்துத்தான், அதற்கு ஈரமும் வேண்டும், காலமும் வேண்டும். ‘மூன்று நாளில் கல்லாகவில்லையே’ என்று சீமெந்தை ஒரு கரண்டி சேர்ப்பவர்கள்தான் வேலையைக் கெடுப்பவர்கள்.

1064இல் துருக்கர் ஆனியை அழித்தார்கள், அன்றோடு நகரம் முடிந்தது என்று படித்திருக்கிறேன். சரியா?
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பாலையூற்று

முதற்பாதி பெருமளவு சரி, இரண்டாம் பாதி தவறு. செல்ஜூக் துருக்கரின் சுல்தான் அல்ப் அர்ஸ்லான் 1064இல் நகரைப் பிடித்தபோது பெருங்கொலை நடந்தது. ஆனால் நகரம் அதற்குப் பிறகும் சில நூற்றாண்டு வாழ்ந்தது.

வரிசையாகச் சொன்னால்: மூன்றாம் அஷோட் 961இல் கார்ஸிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினார். இரண்டாம் சிம்பாத் வடபக்கத்தில் இரட்டை மதில் எழுப்பினார். மற்ற இரு பக்கமும் ஆழமான ஆற்றுப்பள்ளம் என்பதால் வடக்கை அடைத்தால் போதும். 992இல் ஆர்மீனியத் திருச்சபையின் தலைமைப்பீடமும் வந்து சேர்ந்தது. 1001இல், முதலாம் ககிக் காலத்தில், பேராலயம் முடிந்தது. நம் பக்கத்துக் கணக்கில், முதலாம் இராசராசன் ஈழத்தின் வடபாகத்தைப் பிடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். பெரியகுளத்து இராசராசப் பெரும்பள்ளிக்குத் தமிழில் கல்வெட்டு வெட்டிய தலைமுறையும் ஆனிப் பேராலயத்துக்குக் கல் செதுக்கிய தலைமுறையும் ஏறக்குறைய ஒன்றே.

1045இல் பைசாந்தியர், அதாவது கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து ஆண்ட கிழக்கு உரோமர், கைக்கு மாறியது. பிறகுதான் 1064. செல்ஜூக்கர் நகரை ஷத்தாதித் குடும்பத்துக்கு விற்றார்கள், அவர்கள் பள்ளிவாசல் கட்டினார்கள். 12ஆம் நூற்றாண்டின் முடிவில் ஜோர்ஜிய அரசி தமாரின் ஆர்மீனியத் தளபதிகள் பிடித்தார்கள். 1215இல் திக்ரான் ஹொனென்ட்ஸ் என்ற வணிகர் தம் சொந்தப் பணத்தில் ஓவியம் நிறைந்த ஒரு தேவாலயம் கட்டுகிறார். செத்த ஊரில் யாரும் அப்படிச் செலவழிப்பதில்லை. 1236இல் மொங்கோலியர், 1319இல் பெரும் பூமியதிர்ச்சி. அதோடு வணிகப்பாதையும் வேறு பக்கம் திரும்பியது. சனம் சிறுகச் சிறுகக் கழன்றது. மதிலுக்குள்ளே ஒரு சிற்றூர் 17ஆம் நூற்றாண்டுவரை இருந்தது. 1735 அளவில் கடைசித் துறவிகளும் போனார்கள்.

சந்தைக்கு வரும் வண்டி நின்றதும் ஊர் வெறுமையானதை வாளின் கணக்கில் எழுதுவது பாடப்புத்தகங்களுக்கு வசதி. ஆனியில் அந்த வசதி உண்மையை மறைக்கிறது.

ஆயிரத்தொரு தேவாலயங்களின் நகரம் என்கிறார்களே, எண்ணினால் வருமா?
– வாசகர், தம்பலகாமம்

வராது. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண் இருப்பது போல, கோணேசர் கோயிலையே ஆயிரங்கால் கோயில் என்று வெளிநாட்டார் சொன்னது போல, ‘மிகப் பல’ என்று பொருள்.

ஆனிப் பேராலயத்தின் படத்தில் சுவர் முழுதாக இருக்கிறது, நடுவில் வானம் தெரிகிறது. கூரை எங்கே?
– உயர்தர மாணவி, திருகோணமலை நகர்

நடுவில் இருந்தது குவிமாடம். நான்கு பெரிய தூண்கள், அவற்றை இணைத்து நான்கு வளைவு. வளைவுகளுக்கு இடையிலுள்ள நான்கு மூலைகளையும் முக்கோணமாக வளைத்து நிரப்பினால் சதுரம் மேலே வட்டமாகும். அந்த வட்டத்தின்மேல் உருளைக் கழுத்து, அதன்மேல் மாடம். பூமி குலுங்கும்போது ஆக உயரத்திலுள்ள பாரம்தான் கூடுதலாக ஆடும். 1319இல் மாடம் போனது. கீழே தூணும் வளைவும் நின்றுவிட்டன. 1988 ஆர்மீனியப் பூமியதிர்ச்சியில் வடமேற்கு மூலையும் உடைந்தது.

இதைக் கட்டியவர் திர்தாத். அவர் கைராசி எப்படிப்பட்டதென்றால், 989 பூமியதிர்ச்சியில் கொன்ஸ்தாந்திநோபிளின் ஹாகியா சோபியாவில் மாடத்தின் ஒரு பகுதி விழுந்தபோது, திருத்தவும் அவரையே கூப்பிட்டார்கள். அந்தத் திருத்தம் இன்றும் இஸ்தான்புலில் தலைக்கு மேலே நிற்கிறது. சொந்த ஊரில் கட்டியது விழுந்துவிட்டது.

ஆனியிலே ககிக் மன்னர் கட்டிய இன்னொரு வட்டத் தேவாலயம், ஸ்வார்ட்னோட்ஸ் என்ற பழைய ஆலயத்தைப் பார்த்துப் போட்ட நகல், எழுந்து அதிக காலம் நிற்கவில்லை. அகழ்ந்தபோது இடிபாட்டின் மேலேயே பிற்காலத்து வீடுகள் இருந்தன. இடிந்ததை அகற்றாமல் மேலே வீடு கட்டியிருக்கிறார்கள் என்றால் எவ்வளவு சீக்கிரம் விழுந்தது, திரும்பக் கட்ட யாருக்கும் மனமில்லாமல் இருந்தது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோணேசர் கோயில் கல் பிரட்றிக் கோட்டையில் இருப்பது போல, ஆனியின் கல் எங்கே போனது? ஒரு கல் வேறிடத்திலிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கோணேசபுரி

பெரும்பங்கு அருகிலுள்ள வீடுகளுக்கு. ஆனியின் வாசலிலேயே ஓஜாக்லி என்ற கிராமம் இருக்கிறது. செதுக்கிய கல் சும்மா கிடக்கும்போது மலையில் போய் வெட்டுவதற்கு யாருக்கு விசர்?

அடையாளம் காண இவற்றைப் பாருங்கள். எழுத்து தலைகீழாகவோ பக்கவாட்டிலோ இருப்பது. அலங்கார வரி பாதியில் அறுந்து அடுத்த கல்லில் தொடராமல் இருப்பது. இன்றைய சுவரில் வேலையே இல்லாத துளைகள், இரும்புக் கொக்கி மாட்டிய குழிகள். பக்கத்துக் கல்லோடு சேராத உளித்தடம். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் முடிவு கட்டாதீர்கள். ஆனி மதிலில் சிலுவையும் சதுரங்கப் பலகைக் கோலமும் கட்டும்போதே அலங்காரமாக வைக்கப்பட்டவை. இரண்டு மூன்று சேர்ந்தால் சந்தேகிக்கலாம். பிரட்றிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயலும் ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கும் எழுத்தும் இருக்கும் கல்லைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

மங்கிய எழுத்தை வாசிக்கக் காலை ஏழு மணிக்கு முன்னர் அல்லது மாலை ஐந்துக்குப் பின்னர் போங்கள். சரிந்த வெயிலில் பள்ளம் நிழலாகும். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. நிழலிலுள்ள கல்லென்றால் டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கத்திலிருந்து அடியுங்கள். சோக்கட்டி, மா, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். எண்ணெய் கல்லுக்குள் இறங்கினால் திரும்ப வராது. கோட்டைக்குள் படையினர் இருக்கிறார்கள், படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஆர்மீனியக் கல்வெட்டில் ஆண்டை எப்படி வாசிப்பது?
– மாணவர், கிண்ணியா

எழுத்தே எண். மெஸ்ரோப் மாஷ்தோட்ஸ் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த 36 எழுத்தையும் ஒன்பது ஒன்பதாக நான்கு வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரிசை 1 முதல் 9. இரண்டாவது 10 முதல் 90. மூன்றாவது 100 முதல் 900. நான்காவது 1000 முதல் 9000. சுழியம் கிடையாது. தமிழில் 664ஐப் பழைய முறையில் எழுத ஆறு, நூறு, ஆறு, பத்து, நான்கு என்று ஐந்து குறி வேண்டும். ஆர்மீனியத்தில் 600க்கு ‘வோ’, 60க்கு ‘கென்’, 4க்கு ‘தா’ என்று மூன்றெழுத்தில் முடிந்துவிடும்.

வந்த எண்ணோடு 551ஐக் கூட்டுங்கள். நம் கல்வெட்டில் சக ஆண்டுக்கு 78 கூட்டுவது போலத்தான். ஹொனென்ட்ஸ் தேவாலயத்துக் கல்வெட்டில் 664, கூட்டினால் 1215.

பிழை வருவது இரண்டு இடத்தில். ஒன்று, ஒத்த தோற்றமுள்ள எழுத்தை மாறி வாசிப்பது. நூறுகளின் வரிசையில் ஓரெழுத்து மாறினால் நூற்றுக்கணக்கில் கூடும், குறையும். மற்றது, ஆர்மீனிய ஆண்டு எப்போதும் 365 நாள், லீப் நாள் இல்லை. அதனால் ஆண்டுப்பிறப்பு நான்கு வருடத்துக்கு ஒரு நாள் பின்வாங்கும். 552இல் யூலை 11இல் தொடங்கியது, 1001இல் மார்ச்சில் தொடங்கியது, 1215இல் சனவரிக்கே வந்துவிட்டது. ஆகவே 1001க்குரிய ஆர்மீனிய ஆண்டு 450 என்று எழுதியிருந்தால் அதன் கடைசி மாதங்கள் நம் கணக்கில் 1002. மாதம் தெரியாதபோது ஒரு வருடம் முன்பின் விட்டு எழுதுவதே நேர்மை.

மகள் ஜேர்மனியில் இருக்கிறாள், அடுத்த வருடம் சேர்ந்து போகலாம் என்கிறாள். எப்போது, எப்படிப் போவது?
– வாசகி, சாம்பல்தீவு

மே கடைசியிலிருந்து ஒக்டோபர் தொடக்கம்வரை போகலாம். குளிர்காலப் பனி படத்துக்கு அழகு, திருகோணமலை முழங்காலுக்கு அல்ல. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும், முதலே பார்த்துக்கொள்ளுங்கள். கார்ஸ் நகருக்கு விமானம் உண்டு. அங்காராவிலிருந்து புகையிரதமும் உண்டு, ஒரு பகல் ஒரு இரவுக்கு மேல் ஓடும். கார்ஸிலிருந்து ஆனி 45 கிலோமீற்றர் அளவு. திரும்பி வருவதையும் சேர்த்துப் பேசி வாடகைக் கார் பிடியுங்கள். காத்திருக்கும் நேரம் நான்கு மணி என்று முதலே சொல்லிவிடுங்கள். இரண்டு மணி என்று பேசியவர்கள் பாதியில் ஓடிவர வேண்டியிருக்கும்.

உள்ளே நிழல் இல்லை, கடை இல்லை. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், தொப்பி, குதிகால் பிடிக்கும் சப்பாத்து. செருப்போடு போகாதீர்கள், புல்லுக்குள் உடைகல் மறைந்திருக்கும். சிங்க வாசலால் நுழைந்து இடப்பக்கமாகச் சுற்றுங்கள்: மீட்பர் தேவாலயம், பிறகு பள்ளத்தின் ஓரமாகக் கீழே இறங்கி ஹொனென்ட்ஸ் தேவாலயம், திரும்ப ஏறிப் பேராலயம், மனூச்சிஹ்ர் பள்ளிவாசல். அதன் சாளரத்தால் எட்டிப் பார்த்தால் கீழே ஆற்றில் உடைந்த பாலத்தின் கால்கள் தெரியும். ஆற்றுக்கு அப்பால் ஆர்மீனியா. கல் எறியும் தூரம்தான், ஆனால் 1993இலிருந்து எல்லை மூடியிருக்கிறது. அக்கரைக்குப் போக ஜோர்ஜியாவைச் சுற்றவேண்டும். வேலியைத் தாண்டி ஆற்றுப்பக்கம் இறங்காதீர்கள், அது படையினரின் எல்லை. 2004க்கு முன்பு ஆனிக்குப் போகவே அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. இப்போது 2016இலிருந்து உலக மரபுரிமைத் தலம், வாசலில் டிக்கெட் எடுத்தால் போதும்.

ஆர்மீனியருக்கும் தமிழருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகர், நிலாவெளி

ஆனியோடு நேர்த்தொடர்பு இல்லை. சென்னைக்கு வந்த ஆர்மீனிய வணிகர் பெரும்பாலும் பாரசீகத்து ஜுல்பாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் இருந்த ஆர்மீனியன் தெருவைத் தமிழ் வாய் அரண்மனைக்காரத் தெருவாக்கிவிட்டது. அரண்மனை தேடி அங்கே போனவர்கள் ஏமாந்திருப்பார்கள். 1772இல் கட்டிய அவர்களது தேவாலயம் அந்தத் தெருவில் இன்றும் இருக்கிறது. ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகையான ‘அஸ்தாரார்’ 1794இல் அச்சானதும் ஆர்மீனியாவில் அல்ல, மதராஸில்.